பனி வழித்த லொறியின் இரண்டு தட்டுகள்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவியின் தம்பி சிவம் கையில் ஒரு கடைப் பையுடன் வந்தான். பாரம் தாங்காமல் பையின் பிடி நூலாக இழுபட்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போனான். மேசையில் பழைய பேப்பர் ஒன்றை விரித்து, பையிலிருந்து இரண்டு இரும்புத் தட்டுகளை எடுத்து அதன் மேல் வைத்தான். வட்டமானவை, விளிம்பு சற்று உயர்ந்து அடி சற்று உருண்டிருக்கும். கறிச்சட்டி மூடியைக் கவிழ்த்து வைத்தது போல என்று சொல்லலாம்.

"இந்தா அக்கா, உன்ரை சாமான். ஏழு வருசத்துக்குப் பிறகு திருப்பித் தாறன்."

"என்னைக் கேட்டே கொண்டு போனனி, இப்ப கேட்டுத் தாறதுக்கு?" என்றாள் என் மனைவி. ஆனால் ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்து தட்டுகளைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

சிவம் தன் லொறியை வியாழக்கிழமை விற்றுவிட்டான். அதோடு, லொறியின் முன்னால் பூட்டிப் பனி வழிக்கும் இரும்பு அலகும் போய்விட்டது. வாங்கியவர் கென்ற் பக்கத்துத் தோட்டக்காரர். அலகுக்குப் புதிய தட்டுகள் பூட்டிக் கொடுத்துவிட்டுப் பழையவற்றைச் சிவம் தன்னிடமே வைத்துக்கொண்டான். அன்று அவன் தேநீர் குடித்துவிட்டு வழக்கத்தை விட நேரத்தோடு போய்விட்டான். நான் என் மேசையில் உட்கார்ந்து, அந்த லொறியைப் பற்றி முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஊரிலிருக்கும் நண்பர்கள் கடிதம் எழுதும்போதெல்லாம் லண்டனில் பனி எப்படி என்று கேட்கிறார்கள். நாட்காட்டிப் படத்தில் அவர்கள் பார்ப்பது வேறு. நான் பார்த்தது இது.

2

சிவம் ஊரில் லொறி ஓடியவன். சொந்த லொறி. வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போவான். திரும்பும்போது தேங்காயெண்ணெய், சீமெந்து, யாராவது சொல்லிவிட்ட அலுமாரி என்று எதையாவது ஏற்றி வருவான். அக்காலத்தில் நான் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். அவன் வந்த நாளை வீட்டுக்குள் நுழையும் முன்பே அறிந்துகொள்வேன். படலையடியில் கச்சான் கடலைக் கோது கிடக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வராத லொறிக்காரன் எங்கள் பக்கத்தில் இல்லை. கோயிலுக்குப் போகாதவனும் அங்கே பிறேக்கில் கால் வைப்பான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது அந்த லொறி தெற்கில் நின்றது. சிவம் உடுத்த சாரத்தோடு கப்பலில் ஊர் வந்து சேர்ந்தான். லொறி வரவில்லை. அதன் சாவி மட்டும் அவன் இடுப்பில் இருந்தது. லண்டனுக்கு வரும்போதும் அந்தச் சாவியைக் கொண்டுவந்தான். வால்தம்ஸ்டோவில் அவன் வீட்டுச் சாமியறையில், படங்களுக்குப் பக்கத்து ஆணியில், இப்போதும் அது தொங்குகிறது.

இங்கே அவனுக்குக் கிடைத்த வேலை ஒரு பெற்றோல் செட்டில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுவது. ஊர் லைசென்ஸ் செல்லாது என்று கடிதம் வந்தது. இருபது வருடம் லொறி ஓடியவன், பழகுநர் என்ற சிவப்பு எழுத்து ஒட்டிய சின்னக் காரில் மறுபடி பழகினான். மூன்றாம் முறைதான் சோதனையில் தேறினான். முதல் முறை அவன் விழுந்ததற்குக் காரணம் ஹோர்ண். ஒவ்வொரு வளைவிலும் அடித்திருக்கிறான். "அடிக்காமல் வளைச்சால் முன்னாலை வாறவனுக்கு எப்பிடித் தெரியும் அத்தான்?" என்று என்னிடம் கேட்டான். சோதனை எடுத்தவர் வெளிறிப்போய் இறங்கினாராம்.

ஆறு வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தான். எரிபொருள் நிரப்ப வரும் லொறிகளின் சத்தத்தைக் கேட்டே எந்த எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்வான். யாரும் அவனைக் கேட்டதில்லை.

3

என் மனைவி அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தாள். எங்கள் பகுதிக்கு வடக்கே, காட்டோரம், ஒரு மேட்டின் உச்சியில் அந்த இல்லம். ஏறுவதற்கு ஒரே ஒரு ஒடுக்கமான தனியார் பாதை. நடுவில் ஒரு வளைவு. பனி விழுந்தால் கவுன்சில் வண்டி பெருந்தெருவோடு நின்றுவிடும். மேட்டுக்கு அம்புலன்ஸ் ஏறாது. முந்தைய குளிர்காலத்தில் ஒரு கிழவியைக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் மிசிஸ் எல்லிஸ், அந்தப் பாதையைக் குளிர்காலம் முழுவதும் திறந்து வைத்திருக்க ஓர் ஆளைத் தேடுவதாக மனைவியிடம் சொன்னார். முதற் பனியன்று சரியாகச் செய்து காட்டினால் வேலை அந்த ஆளுக்கே. உப்புப் போடுவது, இலையுதிர் காலத்தில் சருகு அள்ளுவது, சாமான் ஏற்றுவது எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

மனைவி இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். சிவம் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"லொறிக்கு முன்னாலை பூட்டுற சாமான்தானே அக்கா? லொறி எண்டால் நான் ஓடுவன்."

அவன் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "ஹீற்றருக்குப் பக்கத்திலை இருந்து செய்யிற வேலையை விட்டிட்டு, சினோ எப்ப விழும் எண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறாராம். விசர்தான்," என்று எனக்கு ரெலிபோன் எடுத்து அழுதாள். பதினாறு வயது மகள் நிலானி பின்னாலிருந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது கேட்டது. அக்காலத்தில் அந்தப் பிள்ளை தமிழில் பேசுவதைக் குறைத்திருந்தாள். தகப்பன் தமிழில் கேட்பார். அவள் ஆங்கிலத்தில் சொல்லுவாள். அவர் பாதிக்குத் தலையாட்டுவார்.

சிவம் தொண்ணூறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கட்டட வேலைக்காரர் ஒருவரிடம் பழைய லொறி ஒன்றை வாங்கினான். சாதாரணக் கார் லைசென்ஸோடு ஓடக்கூடிய பாரம். அதை நான் சட்டப் புத்தகத்தில் இரண்டு முறை பார்த்து உறுதிப்படுத்தினேன். பனி வழிக்கும் அலகு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கத்து ஒரு பண்ணையில் கிடைத்தது. பண்ணைக்காரர் இறந்துவிட, மகன் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தான். அவன் வங்கியில் வேலை செய்கிறவன். அலகைச் சுட்டிக்காட்டி, "அப்பா இதை முன்னால் பூட்டுவார், அவ்வளவுதான் தெரியும்," என்றான்.

ஆள் உயரத்துக்குப் பாதி, லொறியை விட அகலம். மஞ்சள் பூச்சுப் பொருக்கெடுத்து, கீழ் விளிம்பு கறள் பிடித்திருந்தது. ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பெருந்தெருவோரம் வண்டிகள் ஒதுங்கும் இடம் ஒன்றில் சிவம் திடீரென்று நிறுத்தினான்.

"என்ன?"

"தேங்காய் உடைக்க வேணும்."

"இஞ்சை எந்தப் பிள்ளையாரடா?"

"எங்கை நிண்டாலும் அவருக்குக் கேக்கும் அத்தான்."

இருக்கைக்குக் கீழே தேங்காயும் கற்பூரமும் முன்கூட்டியே வைத்திருந்தான். முன்ரயருக்கடியில் தேசிக்காய் வைத்தான். அலகின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, தெருவோரக் கல்லில் தேங்காயை ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் அது சிதறிய நேரத்தில் ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது.

இளம் பொலிஸ்காரர் ஒருவர் இறங்கி, எல்லாம் சரியா என்று கேட்டார். சிவம், "ஓம், ஓம், சேர்," என்றான். அவர் புகையும் கற்பூரத்தைப் பார்த்தார், அலகின் குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கழுத்துப்பட்டி அணிந்திருந்தேன். இது புதிய வாகனத்துக்கான பிரார்த்தனை என்று விளக்கினேன். புதிய வாகனம் எது என்று அவர் சுற்றுமுற்றும் தேடினார். கடைசியில், பிரார்த்தனை முடிந்ததும் சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகும்படி மரியாதையாகச் சொன்னார். நாங்கள் இருவரும் குனிந்து பொறுக்கினோம். சிவம் பையில் இருந்த கச்சானில் ஒரு பிடி அவருக்கு நீட்டினான். அவர் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

4

ரயர்க் கடை ஒன்றின் பின்முற்றத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். நான் ஒரு கட்டடப் பொருள் களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறவன். கழற்றியவற்றைக் கழற்றிய ஒழுங்கில் தகரப் பேணிகளில் போட்டு, பேணிக்கு எழுத்து ஒட்டிவைப்பது என் பங்கு. சிவம் இதைப் பகிடி பண்ணுவான். "கச்சேரியிலை ஃபைல் கட்டின கை," என்பான். பூட்டும்போது மட்டும், "அத்தான், அந்த 'ஈ' பேணியைத் தாங்கோ," என்பான்.

அலகை ஏற்றி இறக்குவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஓர் இரும்புக் குழாய். அதன் வாயில் இருந்த வாசர் நைந்துபோய் எண்ணெய் ஒழுகியது. ஊரில் வெங்காயத் தோட்டத்துப் பம்புக்கு வாசர் போனால் யாரும் கடைக்கு ஓடமாட்டார்கள். தோலில் வெட்டிப் போடுவார்கள். சிவம் தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி, கோப்பையை வைத்து வட்டம் கீறி, அச்சொட்டாக வெட்டிப் பூட்டினான். அலகு எழுந்தது. நாங்கள் கை தட்டினோம். மறு ஞாயிறு போய்ப் பார்க்க, அலகு தரையில் கிடந்தது, முற்றமெல்லாம் எண்ணெய். ஊர்ப் பம்பில் இருப்பது தண்ணீரின் அழுத்தம்; இது எண்ணெயின் அழுத்தம், பல மடங்கு. சரியான வாசரைத் தேடி வாங்கினோம். அவன் அன்று முழுவதும் காற்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலை செய்தான்.

கறள் தட்டி, விளிம்பைத் தீட்டி, புதுமஞ்சள் பூசினோம். அப்போதுதான் தட்டுகள் கண்ணில் பட்டன. அலகின் பின்பக்கம், இடமும் வலமும், ஒவ்வொரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு வட்டத் தட்டு. அலகை இறக்கினால் முதலில் தரையில் உட்காருபவை அந்தத் தட்டுகள்தான். விளிம்பு தரையைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நிற்கும்.

சிவம் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தான்.

"இதென்ன அத்தான், நிலத்திலை படாத மண்வெட்டி?"

நானும் குனிந்து பார்த்தேன். ஈரத் தரையில் கிடந்து விளிம்பு கறள் பிடிக்காமலிருக்கப் பண்ணைக்காரர் முட்டுக் கொடுத்திருக்கிறார் என்று என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். இருவரும் உடனே ஏற்றுக்கொண்டோம். எங்கள் ஆட்களிடம் முற்றம் கூட்டுவது என்றால் என்ன என்று வாசகர்களுக்குத் தெரியும். ஈர்க்குமாற்றின் வரி மண்ணில் விழ வேண்டும். ஓர் இலை மிஞ்சினால் கூட்டினதாகக் கணக்கில்லை. ஒட்ட வழிக்காத ஒரு கருவியை யாராவது வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று எங்கள் இருவர் புத்தியிலும் படவில்லை.

தண்டுகளைக் கழற்றிப் பேணியில் போட்டோம். தட்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அவற்றை உரஞ்சிக் கழுவி, ஒன்றைக் கறிவேப்பிலைச் சாடிக்கும் மற்றதை மல்லிகைச் சாடிக்கும் கீழே வைத்தாள். ஹீற்றருக்குப் பக்கத்தில், யன்னலோரம். ஊற்றும் தண்ணீர் காப்பெற்றில் வழியாமல் பிடிக்க அவற்றை விட நல்ல பொருள் இல்லை என்றாள்.

5

மார்கழி போய்த் தை போயிற்று. பனி விழவில்லை. சிவம் பெற்றோல் செட்டில் அறிவித்தல் கொடுத்து நின்றுவிட்டிருந்தான். அவன் மனைவி யாரோடும் பேசுவதில்லை. அவன் காலையில் எழும்பி யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பான்; எனக்கு ரெலிபோன் எடுப்பான். "இல்லை அத்தான். வெளிச்சுப் போய்க் கிடக்கு." மழைக்குக் காத்திருக்கும் கமக்காரனின் குரல் அது.

மாசியில் விழுந்தது. ஒரு இரவில் முழங்காலுக்குக் கீழே வரை. ரயில்கள் ஓடவில்லை, எனக்கு வேலை இல்லை. விடியற்காலை லொறி வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே, நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு நிலானி. பள்ளிக்கூடம் பூட்டு. பதற்றப்பட்டால் தகப்பனுக்கு ஆங்கிலம் வராது என்று தாய் அவளை ஏற்றி அனுப்பியிருந்தாள்.

"ஏறுங்கோ அத்தான். நீங்கள்தான் இண்டைக்குக் கிளீனர்."

"ரொம்ப ஸ்லோவா போங்கோ, அப்பா. ப்ளீஸ்," என்றாள் நிலானி.

மேட்டின் அடியில், வாசலில், பகல் வேலைக்கு வந்த மூன்று பெண்கள் ஏற முடியாமல் நின்றார்கள். சிவம் அலகை இறக்கினான். இரும்பு தாரைத் தொட்ட ஓசை எலும்பில் ஏறியது. லொறி நகர்ந்தது. பனி ஒரு பக்கமாகச் சுருண்டு விழுந்தது. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்: பளபளவென்று கறுத்த தார், ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல்.

"பாத்தியளே! கூட்டி விட்ட முற்றம் மாதிரி!" சிவம் ஹோர்ண் அடித்தான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் எண்பத்து மூன்றுக்குப் பிறகு காணவில்லை.

வளைவில் ஒரு பெரும் சத்தம். லொறி முன்னுக்குக் குத்தி நின்றது. நிலானி என் தோளில் வந்து மோதினாள். பனிக்கடியில் கிடந்த, மழைநீர் ஓடும் கானின் இரும்பு மூடியை அலகின் விளிம்பு நெம்பி எறிந்துவிட்டது. இடப்பக்கச் சில்லு அந்தக் குழிக்குள் இறங்கிவிட்டது. பாதையின் குறுக்கே எங்கள் லொறி. பனி மட்டும் கிடந்திருந்தால் ஒரு வாகனம் முயன்று பார்த்திருக்கலாம். இப்போது எதுவும் ஏற முடியாது.

மிசிஸ் எல்லிஸ் முழங்கால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்த நிமிடம் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் நான் என்ன செய்வது?" என்று கேட்டார்.

"சொறி மடம், சொறி, ஃபைவ் மினிற்ஸ் மடம்," என்று சிவம் சொல்லிக்கொண்டே இருந்தான். வேறு ஆளைப் பார்க்க வேண்டும், லொறியை இழுத்தெடுக்க ஆள் பிடிப்பேன், நீங்கள் போய்விடுங்கள் என்று மிசிஸ் எல்லிஸ் சொல்லத் தொடங்கினார்.

நிலானி கதவைத் திறந்து குதித்தாள். அவள் அவருக்கு முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். சிவத்துக்கு அது விளங்கவில்லை, அவ்வளவு வேகம். எனக்கு விளங்கியது. "என் அப்பா ஏற்கெனவே ஒரு லொறியை இழந்தவர். அதை எரிய விட்டு ஓடித்தான் உயிர் தப்பினார். அந்தச் சாவி இன்னும் எங்கள் வீட்டில் தொங்குகிறது. அவர் இன்னொரு லொறியை நடுவழியில் விட்டுவிட்டுப் போகமாட்டார். நீங்கள் போகச் சொன்னாலும் போகமாட்டார்."

இந்தப் பிள்ளைக்கு அந்தச் சாவி கண்ணில் படுகிறது என்றே நான் நினைத்ததில்லை.

மிசிஸ் எல்லிஸ் குனிந்து, சில்லு இறங்கிய குழியைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்து, சக்கரக் கதிரைகளுக்குப் போடும் இரண்டு சாய்வுப் பலகைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றைத் தூக்கி வந்தவர்களில் ஒருத்தி என் மனைவி, இரவு வேலை முடிந்த சீருடைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு.

"தம்பி, சாக்கு வைச்சிருக்கிறியே? முறிகண்டிச் சேத்திலை சாக்குப் போட்டு எடுத்தனான் எண்டு எத்தினை தரம் எனக்குக் கதையளந்தனி. இப்ப போட்டுக் காட்டு."

அரிசிச் சாக்குகள் இருந்தன. ஜாக்கி வைத்துச் சில்லை உயர்த்தி, குழிக்கு மேல் பலகையைக் கொடுத்து, பின்ரயர்களுக்குச் சாக்கு விரித்தான். நாங்கள் தள்ளினோம், கீழே நின்ற மூன்று பெண்களும் வந்து தள்ளினார்கள். லொறி உறுமி, ஒருமுறை வழுக்கி, பின்னால் ஏறி வந்தது. மிச்சப் பாதையை எல்லோருமாக மண்வெட்டியால் வழித்தோம். நான் கான் வாயைச் சுற்றித் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன்.

"இன்றிரவும் விழும் என்று வானொலியில் சொல்கிறார்கள்," என்றார் மிசிஸ் எல்லிஸ் சிவத்திடம், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "நாளைக் காலை. இன்னொரு முறைதான்."

6

மேட்டிலிருந்து இறங்கினோம். நாளைக்கும் அதே அலகு, அதே பாதை, அதைப் போல இன்னும் பல மூடிகள். அலகைச் சற்று உயர்த்திப் பிடித்து ஓடலாம் என்றேன். மேடு பள்ளத்தில் கையால் அப்படிப் பிடிக்க ஏலாது என்றான் சிவம்.

பெருந்தெருவில் கவுன்சிலின் பனி வண்டி ஒன்று சிவப்பு விளக்கில் நின்றது. முன்னால் எங்களுடையதைப் போன்ற அலகு, தரையில் இறக்கியபடி. சிவம் லொறியை ஓரம் கட்டினான். இறங்கி ஓடினான். நடுத்தெருவில், பனியில், முழுவதுமாகக் குப்புறப் படுத்து அலகுக்குப் பின்னால் தலையை விட்டான்.

"ஓ மை கோட், அப்பா!" நிலானி முகத்தை மூடிக்கொண்டாள்.

வண்டிச் சாரதி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். "லொஸ்ற் சம்திங், மேற்?"

கீழேயிருந்து சிவத்தின் குரல் வந்தது. "நோ சேர். ஃபவுண்ட்."

எழும்பி வந்தபோது நெஞ்செல்லாம் பனி. "அத்தான்," என்றான், "எங்கடை அக்காவின்ரை பூச்சாடித் தட்டு."

மனைவி எங்களுக்கு முன்பே வீடு வந்து தூங்கியிருந்தாள். நாங்கள் இருவரும் சப்பாத்தோடு உள்ளே போய் (அந்த வீட்டில் அது முதல் தடவை, கடைசியும்) கறிவேப்பிலையையும் மல்லிகையையும் தூக்கிக் காப்பெற்றில் வைத்துவிட்டுத் தட்டுகளோடு ஓடிவந்தோம். பேணிக்கு எழுத்து ஒட்டியிருந்ததால் தண்டுகள் உடனே கிடைத்தன. மத்தியானத்துக்குள் பூட்டினோம். பின்னேரம் மனைவி எழும்பி, "ஆர் என்ரை சாடியிலை கை வைச்சது? காப்பெற் எல்லாம் தண்ணி!" என்று ரயர்க் கடை ரெலிபோனில், முற்றத்துக்குக் கேட்கும்படி பேசினாள். அந்தக் கறை காப்பெற் மாற்றும் வரை இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் ஏறினோம். நிலானியை யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்து ஏறினாள். அலகு தட்டுகளில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. வளைவில் கான் வாயின் தடி நின்றது. அதைத் தாண்டி வேறு இரண்டு மூடிகளின் மேலும் அலகு சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தோம். பாதை திறந்திருந்தது. ஆனால் கறுப்பாக இல்லை. ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை மிஞ்சிக் கிடந்தது.

சிவத்தின் முகம் சுருங்கியது. "இதென்ன, அரைகுறையாச் சவரம் எடுத்த மாதிரி."

உப்பைத் தூவினோம். மிசிஸ் எல்லிஸ் வந்து, வழியில் நடந்து பார்த்தார். சப்பாத்து வழுக்கவில்லை. ஓர் அம்புலன்ஸ் உண்மையிலேயே அன்று முற்பகல் வந்தது. நின்று நிதானித்து ஏறி, ஒருவரை ஏற்றிக்கொண்டு இறங்கியது. மத்தியானத்துக்குள் உப்பு மிச்சத்தை உருக்கிவிட, பாதை கறுத்தது. அவர் சிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் அன்று முதல் கடைசி வரை அவனுக்கு மனம் ஆறவில்லை. வழித்து முடிந்ததும் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஓர் ஈர்க்குமாற்றை எடுப்பான். வெம்பிளித் தமிழ்க் கடையில் வாங்கியது. இல்லத்தின் வாசற்படிக்கு முன்னால், என் மனைவி கால் வைக்கும் இடத்தில், அந்த ஒரு விரல் வெள்ளையையும் நிலம் தெரியக் கூட்டிவிட்டுத்தான் லொறியில் ஏறுவான்.

7

லண்டன் பனியை நம்பி யாரும் சீவிக்க முடியாது. சில வருடம் ஒரு நாள், சில வருடம் நாலைந்து நாள். மிச்ச நாளெல்லாம் சருகு, உப்பு, கடைகளுக்கு அரிசி மூட்டை, வீடு மாறுகிறவர்களின் கட்டில். அவன் கண்ணாடிக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை. இந்த வருடச் சோதனையில் லொறியின் அடிச்சட்டம் தேறவில்லை. வாங்கியவர் அதைத் தன் தோட்டத்துக்குள் மட்டும் ஓடுவாராம். சிவம் இப்போது ஒரு வான் வைத்திருக்கிறான். என் மனைவி ஓய்வு பெற்றுவிட்டாள். நிலானி கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். அங்கே இங்கேயை விட நிறையப் பனி.

இதை இவ்வளவு எழுதிவைத்த பிறகு, நேற்று மாலை அவள் ரெலிபோன் எடுத்தாள்.

"மாமா, அப்பா லொறியை செல் பண்ணிட்டாராம்?"

"ஓம் பிள்ளை. வியாழக்கிழமை."

"எல்லாமே போயிட்டுதா? எனிதிங் லெஃப்ற்?"

தட்டுகளைப் பற்றிச் சொன்னேன். மாமி மறுபடி சாடிகளுக்குக் கீழே வைத்துவிட்டாள் என்றேன்.

"ஒண்டு எனக்குத் தருவீங்களா மாமா?" என்றாள். அந்த வசனம் முழுவதும் தமிழில் இருந்தது. "ஊர் லொறியிலை அந்தக் கீ மட்டும்தானே மிச்சம்."

நான் சிவத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். இன்று விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டான். மனைவி முணுமுணுத்துக்கொண்டே கறிவேப்பிலைச் சாடியை உயர்த்தினாள். அது இப்போது யன்னலின் பாதி உயரம், இருவர் பிடிக்க வேண்டும். பிறகு மல்லிகை. இரண்டு தட்டுகளும் மேசைக்கு வந்தன.

இரண்டும் ஒன்றல்ல. வலப்பக்கத்துத் தட்டு ஓரளவு கனமாகவே இருக்கிறது. இடப்பக்கத்தது அடியில் தேய்ந்து, விரலால் தட்டினால் வேறு ஓசை எழுப்புகிறது. அந்தப் பாதை இடப்பக்கம் சரிந்தது. ஏழு குளிர்காலமும் பாரம் அந்தப் பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது.

நான் நல்லதைத் தள்ளி வைத்தேன். "இதை அனுப்புவம். பிள்ளைக்குக் குடுக்கிறது, உருப்படியாய் இருக்கட்டும்."

சிவம் அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினான். மற்றதை எடுத்துத் தன் கைலேஞ்சியால் துடைத்தான்.

"தேய்ஞ்சதை அனுப்புங்கோ அத்தான். இதுதான் றோட்டைக் கண்டது."